துவக்கு: வாங்குவதா, செய்வதா?



கீரிமலைக் கேணியிலே நீராடியவர்கள் அங்கு ஒரு விந்தையைக் கண்டிருப்பார்கள். மதிலுக்கு அப்பால் உவர்க்கடல் அலையெறிகின்றது. மதிலுக்கு இப்பால் நன்னீர் இடையறாது ஊறுகின்றது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் தீர்க்க வரும் அடியார் அந்நீரில் மூழ்கியெழுந்து நகுலேசுவரப் பெருமானை வணங்கிச் செல்கின்றனர். இவ்விந்தைக்குக் காரணம் நம் காலடியிற் கிடக்கும் சுண்ணாம்புக்கல். பெய்யும் மழையைத் தன் துளைகளிலே வாங்கி, நிலத்தடியிலே கடத்திச் சென்று, கடலோரத்திலே ஊற்றாக வெளிவிடுகின்றது அக்கல். இன்றைய பேச்சின் இடையிலே அந்தக் கல்லைப்பற்றி மீண்டும் சொல்லவேண்டிவரும். ஆதலின் அதனை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

சில காலத்துக்கு முன் வகுப்பிலே யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சியைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 1619ஆம் ஆண்டிலே பிலிப்பு தெ ஒலிவேறா என்னும் போர்த்துக்கேயத் தளபதி படையுடன் வந்து இரண்டாம் சங்கிலியைச் சிறைப்பிடித்ததையும், அம்மன்னன் கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டதையும் சொல்லி முடித்தேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, பறங்கியரிடம் துவக்கு இருந்தது. கண்டி அரசனிடமும் துவக்கு இருந்தது என்று சென்ற மாதம் சொன்னீர்கள். எங்கள் மன்னன் ஏன் துவக்குச் செய்யவில்லை? செய்யத் தெரியாவிட்டால் ஏன் போதிய அளவு வாங்கவில்லை?" என்று கேட்டான். நல்ல காலமாக அப்பொழுது மணி அடித்தது. ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடியபோது அது சங்கிலியோடு முடியாத கேள்வி என்பது புலனாயிற்று. நம் வாழ்நாளிலே பெரிய நாடுகளின் மந்திரி சபைகளையும் அதே கேள்வி வாட்டியிருக்கின்றது. அதனையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் சொல்லையே பாருங்கள். நாம் 'துவக்கு' என்கின்றோம். தமிழ்நாட்டார் 'துப்பாக்கி' என்கின்றனர். இரண்டும் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை என்பர் மொழிநூலார். பொருள் கடல்கடந்து வந்தபோது பெயரும் உடன்வந்தது. ஆகவே, இக்கருவியைப் பொறுத்தவரை நாம் எல்லோரும் முதலில் வாங்கியவர்களே. வாங்கிய பின்னர் யார் செய்யக் கற்றுக்கொண்டார் என்பதே வரலாறு.

இலங்கையிலே அதனை விரைவாகக் கற்றுக்கொண்டவர்கள் சிங்களக் கம்மாளர். போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கொழும்புக்கு வந்தனர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்நாட்டுக் கம்மாளர் செய்த துவக்குகளைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியராகிய தியோகு தொ கூட்டோ புகழ்ந்தெழுதும் நிலை உண்டாயிற்று. குழலிலே வெள்ளிப் பூவேலையும், இரண்டாகப் பிரிந்த அடிக்கட்டையும் உடைய கண்டித் துவக்குகள் இன்றும் நூதனசாலைகளிலே காணப்படுகின்றன. மலைநாட்டைச் சார்ந்த பகுதிகளிலே இரும்புக்கல் கிடைத்தது. அதனை உருக்கக் காட்டு விறகு கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக இரும்புருக்கிய குடிகள் இருந்தன. அந்தக் கைகளுக்குப் புதிய மாதிரியொன்று கிடைத்ததும் அவை அதைப் பற்றிக்கொண்டன. 1594இல் தந்துறையிலும், 1630இல் றந்தெனிவெலையிலும், 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தமைக்கு மலையும் காடும் மழையும் காரணங்களாயிருந்தன. கண்டியாரின் கையிலிருந்த துவக்குகளும் ஒரு காரணமாகும்.

யாழ்ப்பாணத்து நிலைமை வேறு. இங்குதான் நான் முன்னே சொன்ன சுண்ணாம்புக்கல் வருகின்றது. கீரிமலைக்கு நன்னீர் தரும் அக்கல்லிலே இரும்பு இல்லை. குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை, மலை இல்லை, உலைக்கு வேண்டிய பெருங்காடு வன்னியிலேதான் உண்டு. நம் கொல்லர் கைத்திறத்திலே எவர்க்கும் தாழ்ந்தவரல்லர். ஆனால் அவர்கள் அடித்த இரும்பு வெளியிலிருந்து வந்தது. யாழ்ப்பாண மன்னருடைய செல்வம் யானை வாணிகத்திலும் முத்திலும் துறைமுகத்திலும் இருந்தது. ஆகவே ஆபத்து வந்தபோது அவர்கள் வலிமையைக் கடலுக்கு அப்பாலிருந்து வரவழைத்தனர். சங்கிலிக்குத் தஞ்சை நாயக்கரின் துணை கிடைத்தது. அவன் பிடிபட்ட பின்னரும் தஞ்சையிலிருந்து படைகள் வந்து போரிட்டுத் தோற்றன. துணைக்கு வந்த படை தோற்றபின் அடுத்த படையை இந்நிலத்திலிருந்து எழுப்புவதற்கு ஒன்றும் எஞ்சவில்லை.

இதைக் கேட்டுக் 'கண்டி செய்தது, வென்றது. யாழ்ப்பாணம் வாங்கியது, வீழ்ந்தது' என்று சுருக்கிவிடுதல் தவறாகும். கண்டியும் ஒருமுறை வலிமையை விலைக்கு வாங்கியது. இரண்டாம் இராசசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்து, அவர்கள் கப்பலையும் பீரங்கியையும் கொண்டு போர்த்துக்கேயரைத் துரத்தினான். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் கைக்கு வந்தபோது போர்த்துக்கேயர் போயினர், ஒல்லாந்தர் போகவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினாற்போல என்று சிங்கள மக்கள் இதனை இன்றும் பழமொழியாகச் சொல்வர்.

நிற்க. இப்பொழுது இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். இந்நூற்றாண்டில் இக்கேள்வியை மீண்டும் எழுப்பிய கருவி, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துவக்கு. அரைத் தானியங்கித் துவக்கு என்றும் அதனைச் சொல்வர். அதற்கு முந்திய துவக்கிலே ஒருமுறை சுட்டபின் வீரன் கைபிடியை உயர்த்திப் பின்னே இழுத்து, வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, மறுபடி முன்னே தள்ளிப் பூட்டினாலன்றி அடுத்த வெடி வைக்க இயலாது. புதிய துவக்கிலோ, வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவின் ஒரு பகுதியே உள்ளிருக்கும் தண்டைத் தள்ளி அவ்வேலையைச் செய்துவிடும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வெடி. ஆனால் இரண்டாம் வெடிக்காக வீரன் கண்ணைக் குறியிலிருந்து எடுக்கவேண்டியதில்லை. இதனைச் செய்வது எளிதன்று. துண்டுகள் ஒன்றோடொன்று மயிரிழை பிசகாமற் பொருந்தவேண்டும். ஆயிரம் துவக்குச் செய்தால் ஆயிரத்தின் துண்டுகளும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டத்தக்கனவாயிருக்கவேண்டும். கொல்லன் உலை இதற்குப் போதாது. நுண்ணளவுக் கருவிகளும், தரமான உருக்கும், பயின்ற தொழிலாளரும் நிறைந்த தொழிற்சாலை வேண்டும்.

இத்தகைய துவக்கைத் தன் படைக்கென முதன்முதல் ஏற்றுக்கொண்ட நாடு மெக்சிக்கோ என்றால் பலர் வியப்பர். மனுவேல் மொந்திராகொன் என்னும் மெக்சிக்கத் தளபதி அதனை ஆக்கினார்; 1908இல் அரசு அதனை ஏற்றது. அறிவு இருந்தது, ஆலை இல்லை. ஆகவே சுவிற்சலாந்திலே நொயவுசன் என்னும் ஊரிலுள்ள சிக் நிறுவனத்திடம் 4,000 துவக்குகள் செய்துதருமாறு கேட்டனர். சில நூறு துவக்குகளே மெக்சிக்கோவுக்குப் போய்ச் சேர்ந்தன. 1910இல் அங்கே புரட்சி மூண்டது. 1911இல் ஆட்சி கவிழ்ந்தது. எஞ்சியவற்றை முதல் உலகப்போரிலே செருமனியர் வாங்கித் தம் விமானப் படையினருக்குக் கொடுத்தனர். ஒரு மெக்சிக்கர் கண்டுபிடித்த துவக்கு அந்நிய வானத்திலே அந்நியர் போருக்குப் பயன்பட்டது. சொந்த மூளை மட்டும் இருந்தாற் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இதற்கு நேர்மாறான கதை அமெரிக்காவினுடையது. கனடாவிலே பிறந்த யோன் கராண்ட் என்பவர் 1919இல் அமெரிக்க அரசின் இசுபிறிங்பீல்ட் படைக்கலச் சாலையிலே வேலைக்கு அமர்ந்தார். அவர் ஆக்கிய துவக்கைப் படை ஏற்றுக்கொண்டது 1936இல். இடையே 17 ஆண்டுகள்! துவக்கை மட்டுமன்றி, அதனைத் தொகையாகச் செய்வதற்கு வேண்டிய இயந்திரங்களையும் அவரே வகுத்தார். தொடக்கத்தில் வந்த துவக்குகளில் வாயு அமைப்பிலே குறை காணப்பட்டு, அது மாற்றப்பட்டது. போர் தொடங்கியபின் இக்குறை தெரிந்திருந்தால் அதனை உயிரால் விலைகொடுத்துத் திருத்தியிருப்பர். அமைதிக் காலத்திலே தெரிந்ததால் மையாலும் அரத்தாலும் திருத்தினர். இரண்டாம் உலகப்போரிலே காலாட்படை முழுவதற்கும் இவ்வகைத் துவக்கைப் பொதுப் படைக்கலமாகக் கொண்டு இறங்கிய நாடு அமெரிக்கா ஒன்றே. கராண்ட் தம் உரிமையை அரசுக்கே எழுதிக்கொடுத்தார். சம்பளத்துக்கு மேல் உரிமைப் பணம் ஒரு சதமும் பெற்றிலர்.

மூன்றாவது வழியும் உண்டு. அதனைக் காட்டியது சின்னஞ்சிறு பெல்ஜியம். 1889இல் அந்நாட்டு அரசு 1,50,000 துவக்குகள் வேண்டுமென்றது. மாதிரி செருமனியரான மௌசர் சகோதரருடையது. லியேச்சு நகரத்துத் துவக்குக் கம்மாளர் ஒன்றுகூடி, அவற்றை நம் ஊரிலேயே செய்வோம் என்று ஏர்ஸ்தால் என்னுமிடத்திலே ஒரு நிறுவனம் அமைத்தனர். 'எவ். என்.' என உலகம் அறிந்த நிறுவனம் அதுவே. லியேச்சுப் பகுதியிலே நிலக்கரி இருந்தது, இரும்பு இருந்தது, நூற்றாண்டுகளாகத் துவக்குச் செய்த கைகள் இருந்தன. மாதிரியை வாங்கினர், தொழிலைத் தம்மதாக்கிக்கொண்டனர். இரண்டு தலைமுறை கழிந்தபின், அங்கே தியுதொனே சேவ் என்னும் பொறியியலாளர் ஆக்கிய 'எவ். ஏ. எல்.' என்னும் தானே ஏற்றும் துவக்கை வாங்க உலக நாடுகள் வரிசையில் நின்றன. 1955இல் கனடா அதனை ஏற்றது. பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் உரிமை பெற்றுத் தத்தம் ஆலைகளிலே செய்தன. 1912 முதல் பழைய பிரித்தானியத் துவக்கைச் செய்துவந்த அவுஸ்திரேலியாவின் லித்கோ ஆலை, 1959 முதல் இதனைச் செய்யத் தொடங்கியது. 'எஸ். எல். ஆர்.' என்று நம் நாட்டவரும் அறிந்த துவக்கு இதுவே.

இனி, நம் அயல்நாடாகிய இந்தியாவுக்கு வருவோம். நம் பொருளுக்கு உயிரான பகுதி இதுவே. கல்கத்தாவுக்கு அண்மையில் ஊக்ளி ஆற்றங்கரையிலே ஈசாப்பூரில் ஆங்கில ஆட்சியினர் 1904இல் ஒரு துவக்குத் தொழிற்சாலையை அமைத்தனர். தங்கள் பேரரசின் படைக்காகவே அமைத்தனர்; இந்தியர்மீது கொண்ட அன்பினால் அன்று. ஆயினும் 'திறீ-நொட்-திறீ' என வழங்கிய 0.303 அங்குல லீ-என்பீல்ட் துவக்கை அங்கே செய்து பழகிய கைகள் இந்தியக் கைகள். ஆட்சி போனபின்னும் கைகள் எஞ்சின.

1950களின் பிற்பகுதியிலே இந்தியப் படைக்குத் தானே ஏற்றும் துவக்கு வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. வாங்குவதா, செய்வதா என்ற வாதம் எழுந்தது. 1957 முதல் பாதுகாப்பு மந்திரியாயிருந்த கிருஷ்ண மேனன் உள்நாட்டு உற்பத்தியில் உறுதியான பற்றுடையவர். வெளிநாட்டு நாணயம் அருமையாயிருந்த காலம் அது. ஆலைகட்கு உருக்கு வேண்டும், மக்களுக்கு அரிசி வேண்டும், இவற்றின் நடுவே துவக்குக்காக நாணயத்தைக் கொட்டலாமா என்ற கேள்வி நேர்மையான கேள்வியே. அத்தோடு, விற்பவன் இன்று நண்பன். நாளை அவன் மனம் மாறினால் உதிரித் துண்டுக்கும் தோட்டாவுக்கும் யாரிடம் போவது? இவை செய்வோம் என்றவரின் நியாயங்கள். உடனே வாங்குவோம் என்றவருக்கும் ஒரு நியாயம் இருந்தது: எல்லையிலே நிற்பவன் ஆலை கட்டி முடியும்வரை காத்திருக்க முடியுமா? அமைதிக் காலத்திலே படைக்கல ஆலைகள் காப்பி வடிக்கும் கருவிகளைச் செய்கின்றன என்ற ஏளனமும் அக்காலத்திலே எழுந்தது.

வாதம் முடியுமுன் போர் வந்துவிட்டது. 1962ஆம் ஆண்டு ஒற்றோபர் 20ஆந் தேதி சீனப் படைகள் இமயத்திலே இரு முனைகளிலும் இறங்கின. சீனர் கையிலே தானே ஏற்றும் துவக்கு இருந்தது. அவர்கள் அதனைப் பெற்ற வழியையும் கவனியுங்கள்: சோவியத்து நாட்டின் மாதிரியையும் உதவியையும் பெற்று, 1956 முதல் தம் ஆலைகளிலேயே செய்தனர். இந்திய வீரர் கையிலே இருந்தது பெரும்பாலும் அதே பழைய திறீ-நொட்-திறீ. நவம்பர் 18ஆந் தேதி லடாக்கிலே றெசாங் லா என்னும் கணவாயில், 16,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலே, மேஜர் சைத்தான் சிங்கின் கீழ் நின்ற குமாவோன் படைப்பிரிவின் வீரர் பெரும்பாலோர் நின்ற இடத்திலேயே மடிந்தனர். உறைபனியில் விறைத்த விரலால் ஒவ்வொரு வெடிக்கும் கைபிடியை இழுத்துத் தள்ளிய அம்மனிதருக்கு, டில்லியிலே நடந்த வாதத்தில் எந்தப் பக்கம் நியாயம் என்பது என்ன பயன்? தோல்விக்குத் துவக்கு மட்டும் காரணமென்று சொல்லமாட்டேன். குளிராடை இல்லை, பாதை இல்லை, தலைமையின் கணிப்புத் தவறியது. இவையெல்லாம் சேர்ந்தே தோல்வி. எனினும் வீரன் கையில் இருந்தது துவக்கு. ஆகவே மக்கள் கண்ணுக்கு அதுவே தெரிந்தது. மேனன் பதவி துறந்தார்.

ஆபத்திலே பிரித்தானியாவும் அமெரிக்காவும் விமானத்தில் ஆயுதம் அனுப்பின. அந்த நவம்பரிலேயே டில்லியிலே பாதுகாப்பு உற்பத்திக்கெனத் தனித் திணைக்களம் ஒன்று அமைக்கப்பட்டது. பின்னர் நடந்தவை இரண்டு. ஈசாப்பூர் ஆலையார் தாம் கைபழகிய பழைய லீ-என்பீல்ட் அமைப்பையே, வலிமை மிக்க உருக்கினாலே, புதிய 7.62 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு ஏற்றவாறு மாற்றிச் செய்து கொடுத்தனர். கைபிடி இழுக்கும் பழைய வகைதான். ஆனால் உடனே செய்ய முடிந்தது. பஞ்சகாலத்திலே கிழங்கு அவித்து உண்பதுபோன்ற ஏற்பாடு அது. மற்றொருபுறம், பூனாவிலுள்ள படைக்கல ஆராய்ச்சி நிலையத்தார் பெல்ஜிய மாதிரியையும் பிரித்தானிய மாதிரியையும் பிரித்து ஆராய்ந்து, இரண்டின் கூறுகளையும் கலந்து, ஈசாப்பூரில் செய்யத்தக்க துவக்கொன்றை வகுத்தனர். பெல்ஜிய நிறுவனத்தோடு உரிமைப் பிணக்கு எழுந்து, பின்னர் பேசித் தீர்க்கப்பட்டது. இவ்வாறு இந்தியாவின் முதல் தானே ஏற்றும் துவக்கு, 20 தோட்டாக்கள் கொள்ளும் 'எஸ். எல். ஆர்.', 1960களிலே படையின் கைக்கு வந்தது. அதன் துண்டுகள் பெல்ஜியத் துவக்குக்கும் முழுதும் பொருந்தா. பிரித்தானியத் துவக்குக்கும் பொருந்தா. அழகற்ற கலப்பு என்று நகைத்தவர் உண்டு. ஆனால் 1971ஆம் ஆண்டுப் போரிலும், அதன்பின் 1990கள் வரையும் அது அந்நாட்டுக் காலாட்படையின் பொதுத் துவக்காக நின்றது.

செய்யத் தொடங்கியது வீண்போகவில்லை என்பதற்குச் சான்று விரைவிலேயே வந்தது. 1962இல் ஆயுதம் அனுப்பிய அமெரிக்கா, 1965 செப்தெம்பரில் இந்தியாவும் பாக்கிஸ்தானும் பொருதியபோது இருநாட்டுக்கும் படைக்கல உதவியை நிறுத்திற்று. மூன்றே ஆண்டு இடைவெளி! விற்பவன் மனம் மாறினால் என்ற அச்சம் கற்பனையன்று. மறு ஆண்டில், 1966இல், தமிழ்நாட்டிலே திருச்சிராப்பள்ளியில் சிறு படைக்கலங்கள் செய்யும் மற்றொரு தொழிற்சாலை எழுந்தது. காவிரிக்கரைத் தமிழ் இளைஞர் பலர் அங்கே கடைசற்பொறியில் நின்று, மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கை அளக்கக் கற்றனர்.

அப்படியாயின் செய்வதே என்றும் சிறந்தது என்று முடிக்கலாமோ? இல்லை. 1990களில் வந்த 'இன்சாஸ்' என்னும் உள்நாட்டுத் துவக்கிலே படையினர் பல குறை கண்டனர். 2019இல் இந்தியா அமெரிக்காவின் சிக் சோவர் நிறுவனத்திடமிருந்து 72,400 துவக்குகளை நேராக வாங்கியது. 2021இல் உருசிய மாதிரியிலே 6 இலட்சத்துக்கு மேற்பட்ட துவக்குகளை உத்தரப் பிரதேசத்துக் கோர்வாவிலே கூட்டாகச் செய்ய ஒப்பந்தம் எழுதியது. அன்று எழுந்த வாதம் அறுபது ஆண்டு கழித்தும் முடியவில்லை. இன்றைய தேவைக்கு வாங்கு, நாளைய தேவைக்குச் செய் என்பதே அனுபவம் கண்ட நடுவழி. ஆனால் அந்த நடுவழியும் செய்யத் தெரிந்தவனுக்கே திறந்திருக்கின்றது. ஆலையும் ஆளும் உடையவன் வாங்கும்போது விலை பேசலாம், தரம் பார்க்கலாம், வேண்டாமென்று எழுந்து போகலாம். ஒன்றும் அறியாதவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரவேண்டியவனே.

நம் இலங்கை என்ன செய்தது? 1949இல் படை அமைந்தபோது கையிலிருந்தது பிரித்தானியர் விட்டுச்சென்ற திறீ-நொட்-திறீ. பின்னர் எஸ். எல். ஆர். வந்தது, அதன்பின் சீனத் துவக்கு வந்தது. எல்லாம் வாங்கியவை. சிறிய நாடு, சிறிய படை. ஆலை கட்டினால் முதல் மீளாது என்ற கணக்கிலே பொருள் உண்டு. வாங்கிய அத்துவக்குகள் அயல்நாட்டான்மீது திரும்பவில்லை என்பதையும், இந்நாட்டு இளைஞர்மீதே முதலில் தெற்கிலும் பின்னர் வடக்கிலும் திரும்பின என்பதையும் வரலாற்றாசிரியன் மறைத்தல் கூடாது.

கீரிமலையில் இருந்து பேசுபவன் இதனைச் சொல்லாமல் முடிக்க இயலாது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபோது எனக்கு இருபது வயதளவு. வலிகாமம் வடக்கு மக்கள் மாவிட்டபுரம், காங்கேசன்துறை, கீரிமலை எங்கணும் வீட்டைப் பூட்டிச் சாவியை மடியிற் செருகிக்கொண்டு புறப்பட்டனர். ஒரு கிழமையில் திரும்பலாம் என்றே எண்ணினர். பலருக்கு அந்தக் கிழமை இருபது ஆண்டினும் நீண்டது. திரும்பிவந்து பார்த்தபோது சாவி இருந்தது, கதவு இல்லை. அக்கதவைத் துளைத்த குண்டு வாங்கியதோ செய்ததோ என்று ஆராய எவருக்கும் மனம் வரவில்லை. துவக்கைப்பற்றிப் பேசும் எவனும் அதன் மறுமுனையிலே நிற்பவனையும் நினைத்துப் பேசவேண்டும்.

அவ்வாறாயின் அந்த மாணவனுக்கு நான் சொல்லும் விடை என்ன? அடுத்த கிழமை வகுப்பிலே அவனிடம் இவ்வாறு சொன்னேன்: "தம்பி, சங்கிலி மன்னன் செய்யவேண்டுமென்று விரும்பியிருந்தாலும், அந்த ஆண்டிலே விரும்பியிருந்தாற் பயனில்லை. ஒல்லியான மரக்கன்றைப் புயல் வரும் நாளிலே நட்டு வேலியாக்க முடியாது. கண்டியிலே இரும்புருக்கும் குடிகள் முன்பே இருந்தன. லியேச்சிலே கம்மாளர் முன்பே இருந்தனர். ஈசாப்பூரிலே அறுபது ஆண்டுப் பயிற்சி முன்பே இருந்தது. அதனாலேதான் தேவை வந்தபோது அவர்களாற் செய்ய முடிந்தது."

அவன் விடவில்லை. "எங்கள் நிலத்தில் இரும்பே இல்லையே, ஐயா! நாங்கள் எதைச் செய்வது?" என்றான். இரும்பில்லாத அந்தச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டே 1950இல் காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததை அவனுக்கு நினைவூட்டினேன். இந்நாட்டு வீடுகளுக்கும் பாலங்களுக்கும் நம் கல் அங்கே சீமெந்தாயிற்று. பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நம் இளைஞருக்கு இயந்திரம் பழக்கிற்று. 1990உடன் அதன் புகைபோக்கி அணைந்தது. கட்டுவதற்கு ஆண்டுகள் வேண்டியிருந்தன. நிற்பதற்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. ஆலையின் சுவரைவிட, அங்கே பழகிய கைகள் சிதறிப்போனதே பெரிய இழப்பு.

ஆகவே, நேயர்களே, அரத்தைப் பிடித்து இரும்பைச் சமனாக்கவும், அளவுகோலை ஊன்றிப் பார்க்கவும், தான் செய்த பொருளிலே தானே குறை கண்டு திருத்தவும் நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாம் இன்று கற்பிக்கின்றோமா என்பதே என் கவலை. உலோக வேலையும் மர வேலையும் படிப்பு வராதவனுக்கென ஒதுக்கிய பாடங்கள் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் நிலவுகின்றது. கராண்ட் பதினேழு ஆண்டு நின்றது அத்தகைய வேலைமேசையின் முன்னேதான். நம் பிள்ளைகள் அங்கே நின்று துவக்குச் செய்யவேண்டியதில்லை. நீர் இறைக்கும் பொறி செய்யட்டும், படகுக்கு இயந்திரம் செய்யட்டும், வைத்தியசாலைக்குக் கருவி செய்யட்டும். செய்யத் தெரிந்த கை இருந்தால் எதை வாங்குவது, எதைச் செய்வது, எதைச் செய்யாமலே விடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்கும்.

அந்த மாணவன் இப்பொழுது பாடசாலை விட்டபின் பட்டறையிலே கிடக்கின்றான். சென்ற கிழமை ஒரு சிறு பிணைச்சலைச் செய்து என் மேசையில் வைத்தான். கதவுக்குப் பூட்டிப் பார்த்தேன். சற்று இறுகலாக இருக்கின்றது. "அரை நூலளவு தேய்க்கவேண்டும், ஐயா" என்று அவனே சொல்லி எடுத்துப்போனான்.